நாற்பத்தொன்றாம் எண் வில்லை

அத்தியாயம் 7

பூட்டு, காலையில் அவள் பூட்டிவிட்டுப் போனபடியே தொங்கிக்கொண்டிருந்தது. உடைந்து கிடந்திருந்தால்கூட ரோசரிக்கு இத்தனை பயம் வந்திருக்காது. மாதா கோயிலில் ஆறு மணிப் பூசை முடிந்து, தலையில் போட்ட முக்காட்டை எடுக்காமலே சாவியைத் திருகிக் கதவைத் தள்ளியவள், மண்ணெண்ணெய் வாடை முகத்தில் அடித்ததும் இரண்டடி பின்வாங்கினாள். பாயும் தலையணையும் ஊறிக் கிடந்தன. தலையணையின் நடுவில், தலை வைத்து வைத்துப் பள்ளமான இடத்தில், ஒரு தீப்பெட்டி இருந்தது.

அவள் கத்தவில்லை. வாயைத் திறந்தால் அந்த வாடை உள்ளே போய்க் குடியேறிவிடும் என்பதுபோல உதடுகளை இறுக்கிக்கொண்டு முற்றத்துச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

இது மூன்றாவது முறை. போன வெள்ளிக்கிழமை மாதா சொரூபம் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை, கோர்ட்டுக்குக் கட்டிக்கொண்டு போக எடுத்து வைத்திருந்த வெள்ளைப் புடவையில் உள்ளங்கையளவு கருகல். இன்று இது. திங்கட்கிழமை அவள் செஷன்ஸ் கோர்ட்டில் கூண்டில் ஏற வேண்டும். உறையூரில் அவள் டைப்பிஸ்டாக இருந்த சுருட்டுக் கிடங்கில் பங்குனி மாதம் தீப்பிடித்தபோது, உள்ளே வேலை செய்த இரண்டு பெண்கள் வெளியே வர வழியில்லாமல் செத்துப்போனார்கள். கதவை வெளிப்பக்கம் பூட்டச் சொன்னது முதலாளி. அதைக் காதால் கேட்டவர்கள் ஐந்தாறு பேர். சொல்வதற்குத் துணிந்தவள் ரோசரி மட்டும்.

ஏழரை மணிக்கு ரங்கநாயகி வந்துசேர்ந்தாள். ரோசரியின் வக்கீல் அமர்த்தியிருந்த துப்பறியும் பெண். பதினைந்து வருஷம் ஸ்ரீரங்கத்தில் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, வக்கீல்களுக்காக ஆள் விசாரிக்கப் போய், அதுவே தொழிலாகிப்போனவள். அவளுக்குத் துணை பரக்கத் அலி. டாக்ஸியும் அவருடையது, வாயும் அவருடையது.

"டீச்சர், மண்ணெண்ணெய்க்கு ஊரே க்யூவில நிக்குது. இங்க ஒரு ஆள் படுக்கைக்கு ஊத்தியிருக்கான்," என்றார் வாசலில் நின்றபடி. பிறகு தீப்பெட்டியைப் பார்த்தார்.

ரங்கநாயகி குனிந்து ரோசரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சாட்சி சொல்லலை டீச்சர். வக்கீல்கிட்டச் சொல்லிடுங்க. நான் உயிரோட இருக்கணும்."

"சரி."

"நிஜமாவே சரியா?"

"பயப்படற ஆளை இழுத்துக்கிட்டுப் போய்க் கூண்டில நிறுத்த மாட்டேன். ஆனா பயமுறுத்தறது யாருன்னு தெரியாம நீ எங்க போனாலும் அது கூடவே வருமே. மத்தியானம் வரைக்கும் எனக்கு டயம் குடு."

சிந்தாமணியில் காவிரிப் பாலத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஸ்டோரில் பன்னிரண்டு குடித்தனங்கள். நடுவில் முற்றம், கிணறு, ஒரு குழாய். தெருப்பக்கம் ஒரு வாசல். பின்னால் கக்கூஸ் வரிசை. அதை ஒட்டி ஒரு சின்னக் கதவு, பின்சந்துக்குத் திறப்பது. விடியற்காலை நாலரையிலிருந்து முற்றத்தில் யாராவது இருந்துகொண்டே இருப்பார்கள்.

"எறும்பு போனாலும் எனக்குத் தெரியும்," என்றாள் குழாயடிக்கு நேர் எதிர்வீட்டு அற்புதம்மாள். "குழாய்ல தண்ணி வர்ற நேரம். ஒருத்தர் குடம் எடுத்தா இன்னொருத்தர் குடம். ரோசரி வீட்டுப் பக்கம் ஒரு குஞ்சு குளுவான் போகல."

"பூட்டைத் திறந்திருக்காங்களே?"

பரக்கத் அலி அற்புதம்மாளின் இடுப்பிலிருந்த சாவியைக் கேட்டு வாங்கி, ரோசரியின் பூட்டில் போட்டுத் திருப்பினார். அது நல்ல பிள்ளையாகத் திறந்துகொண்டது.

"பன்னெண்டு வீட்டுக்கும் ஒரே கடைப் பூட்டு. இந்த ஸ்டோர்ல பூட்டுக்கு மரியாதை உண்டு, வேலை கிடையாது டீச்சர்."

ஆக, திறப்பது சுலபம். யார் கண்ணிலும் படாமல் முற்றத்தைத் தாண்டி அந்தக் கதவுவரை நடப்பதுதான் முடியாத காரியம். ஒவ்வொரு வீடாக ரங்கநாயகி கேட்டாள். யார் வந்தது? யாரும் வரவில்லை. பஸ் கண்டக்டர் செல்லக்கண்ணு வீட்டில்தான், காக்கிச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"யாரும் வரலைங்க. வில்லைக்காரன் வந்துட்டுப் போனப்புறம் நான் குளிக்கப் போனேன், அதுவரைக்கும்..."

"வில்லைக்காரன் வந்தானா?"

"அவனைச் சேத்தா கேட்டீங்க?" என்றார் செல்லக்கண்ணு, உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

போன வருஷம் ஸ்டோரில் இரண்டு பித்தளைக் குடங்கள் காணாமல் போனதிலிருந்து, கண்ட ஆளையும் துப்புரவு வேலைக்கு விடுவதில்லை என்று மேனேஜர் ஸ்தனிஸ்லாஸ் சட்டம் போட்டிருந்தார். முனிசிபாலிட்டியில் முறையாகப் பதிவு செய்து, எண் போட்ட பித்தளை வில்லை வாங்கியவர்தான் உள்ளே வரலாம். அப்படி அமர்த்தப்பட்டவர் மதுரைவீரன், வில்லை எண் நாற்பத்தொன்று. கக்கூஸ், சாக்கடை, முற்றம் எல்லாம் அவர் பொறுப்பு. காலை ஆறரைக்குப் பின்சந்தில் வந்து நின்று தகர வாளியைத் துடைப்பக்கட்டையால் தட்டுவார். சத்தம் கேட்டதும் எல்லாரும் குடங்களைப் போட்டது போட்டபடி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். எதிரில் படக்கூடாது. பத்து நிமிஷம் கழித்து இன்னொரு முறை தட்டினால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

பத்து நிமிஷம். பன்னிரண்டு கதவும் மூடியிருக்கும் பத்து நிமிஷம். ரோசரி பூசைக்குப் போயிருக்கும் நேரம்.

"மதுரைவீரன் எப்படி இருப்பான்?" என்று மறுபடியும் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தாள் ரங்கநாயகி.

நல்ல உயரம் என்றார் ஒருவர். குள்ளம், வழுக்கை என்றார் அடுத்தவர். ஒரு கண் மாறுகண் என்றாள் அற்புதம்மாள். வயசு இருபத்தைந்து, இல்லை, அறுபது. தெரியாது என்று மட்டும் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"பன்னெண்டு வீட்டுக்கும் ஒரே பூட்டு, ஆளுக்கு ஒரு மதுரைவீரன்," என்று முணுமுணுத்தார் பரக்கத் அலி.

வாசலை ஒட்டிய அறையில் இருந்த ஸ்தனிஸ்லாஸ் மட்டும்தான் தடுமாறாமல் சொன்னார். ஐம்பத்தைந்து வயசு, சலவை வேட்டி, சட்டைப்பையில் பேனா. முகத்தில் தூக்கமில்லாத வீக்கம்.

"முறுக்கு மீசைங்க. வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பான். நெத்தியில ஒரு வெட்டுத் தழும்பு. போன வருஷம் நாந்தாங்க வேலைக்குச் சேத்தேன். நல்லவன்னு நெனைச்சேன். இன்னிக்குக் காலையில இந்தச் சன்னல் வழியாப் பாத்தேன், ரோசரி வீட்டுக்குள்ளேர்ந்து வெளிய வரான். கையில ஒரு பாட்டில். என்னைப் பாத்ததும் ஒரு நிமிஷம் நின்னான். முகத்துக்கு முகம் பாத்தோம்."

"அப்பவே சொல்லலையே?"

"நம்ப முடியலைங்க. மண்ணெண்ணெய்னு கேள்விப்பட்டப்புறம்தான் ஹெட் கான்ஸ்டபிளுக்கு ஆள் அனுப்பி எழுதிக் குடுத்தேன். அவன் இருக்கறது ஸ்ரீரங்கம் எல்லை, அந்த ஸ்டேஷன்ல சொல்லிட்டு மத்தியானம் போய்ப் பிடிக்கறேன்னு போயிருக்காரு."

பதிவு நோட்டை எடுத்துக் காட்டினார். பெயர், தகப்பன் பெயர், வில்லை எண், கொள்ளிடக்கரை முகவரி. தினமும் ஆறரைக்கு எதிரே 41, 41, 41 என்று அழகான கையெழுத்து. வில்லையைச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும் என்பது வழக்கம். எண்ணைக் குறித்துக்கொண்டதும் எடுத்துக்கொண்டு போகலாம்.

ரங்கநாயகிக்கு அந்த மனிதர்மேல் ஒரு மரியாதை வந்தது. இத்தனை வீடுகளில் இவர் ஒருவராவது அந்த ஆளின் நெற்றித் தழும்புவரை பார்த்திருக்கிறாரே.

"போலீஸுக்கு முன்னாடி நான் அவனைப் பாக்கணும். சார், நாங்க வர்ற வரைக்கும் ரோசரியை உங்க பொறுப்பில விட்டுட்டுப் போறேன்."

"என் மக மாதிரிங்க," என்றார் ஸ்தனிஸ்லாஸ். "வையம்பட்டியில என் தங்கச்சி வீடு இருக்கு. வேணும்னா அங்க கொண்டு விட்டுடறேன். கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்."

ரோசரி அவரை நன்றியோடு பார்த்தாள். அன்று காலையில் முதல்முறையாக அவள் முகம் சற்றுத் தளர்ந்தது.

ஆடி மாதம். காவிரியில் புதுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டு ஓடியது. பாலத்தில் வைக்கோல் வண்டிகளுக்குப் பின்னால் பரக்கத் அலியின் பழைய கார் நடையாக நடந்தது.

"என்ன டீச்சர், பேச்சு மூச்சு இல்ல?"

"எங்க வீட்டுக்குக் கொல்லைப்பக்கம் வர்றவங்க முகத்தை நெனைச்சுப் பாக்கறேன், பாய். இருபது வருஷம். எனக்கு ஞாபகத்தில இருக்கறது கொல்லைக்கதவு கிரீச்சுன்னு போடற சத்தம் மட்டுந்தான்."

பரக்கத் அலி கண்ணாடியில் அவளைப் பார்த்தார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு கிண்டல் வரும். இன்று ஹாரனை மட்டும் அடித்தார்.

பன்னிரண்டு வீட்டுக்காரர்களையும் அவள் மனசுக்குள் ஏளனம் செய்திருந்தாள். அந்த வரிசையில் பதின்மூன்றாவதாகத் தன் வீட்டுக் கதவும் சாத்தியிருப்பதை இப்போது பார்த்தாள். தனக்கு வந்தது வெட்கமா பயமா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. யாரும் பார்க்காத ஒரு மனிதன், யார் வீட்டுக்குள்ளும் போகலாம். பார்க்காமலிருந்தது யார் குற்றம்?

கொள்ளிடக்கரையில் பதினைந்து இருபது கீற்றுக் குடிசைகள். மதுரைவீரன் வீட்டைக் கேட்டதும் வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். இங்கேயும் கதவுகள் மூடிக்கொள்வதை அவள் கவனித்தாள். காரணம் மட்டும் வேறு.

குடிசைக்குள் கயிற்றுக் கட்டிலில் ஒரு மனிதர் எழுந்து உட்கார முயன்றார். முறுக்கு மீசை. நெற்றியில் பழைய வெட்டுத் தழும்பு. ஸ்தனிஸ்லாஸ் சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"மதுரைவீரன்?"

"ஆமாங்கம்மா. ஆபீஸ்லேர்ந்தா வரீங்க? வில்லை செக்கிங்கா?"

"காலையில சிந்தாமணி ஸ்டோருக்குப் போனது நீதானே?"

"நாந்தாங்க. நாந்தான் போனேன்," என்றார் அவசரமாக. "தெனமும் நாந்தாங்க போறேன். ஒரு நாள் தவறினதில்ல. ஆறரைன்னா ஆறரை."

பரக்கத் அலி குனிந்து, கட்டிலில் போட்டிருந்த போர்வையின் நுனியை மெதுவாக விலக்கினார். வலது கால் தொடையிலிருந்து கணுக்கால்வரை மூங்கில் பத்தை வைத்துக் கட்டப்பட்டிருந்தது. கட்டின்மேல் எண்ணெய்க் கறை காய்ந்து பழுப்பேறியிருந்தது.

"இந்தக் காலோடயா? எப்படி, பறந்தா?"

மதுரைவீரன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். அவருடைய மீசை நடுங்கியது. இப்படிப்பட்ட மீசை நடுங்கி ரங்கநாயகி பார்த்ததில்லை.

"எப்ப அடிபட்டது?"

"...மூணு வாரம் ஆச்சுங்க. ஏற்கெனவே இழுத்து நடக்கற காலு, படித்துறையில வழுக்கிடுச்சு."

"வில்லை எங்க?"

அவர் கண் கதவுப்பக்கம் போய் மீண்டது. வில்லை வீட்டில் இல்லை.

ரங்கநாயகி மனசுக்குள் கணக்குப் போட்டாள். வில்லை வெளியே போயிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு யாரோ ஒருவன் மூன்று வாரமாக அந்த ஸ்டோருக்குள் நுழைந்துகொண்டிருக்கிறான். முதலாளி அனுப்பிய ஆள். எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு அவனுக்கு வழிவிடுகிறார்கள்.

"யார்கிட்டக் குடுத்த? இதப் பாரு, அந்த ஸ்டோர்ல ஒரு பொண்ணு படுக்கையில மண்ணெண்ணெய் ஊத்தித் தீப்பெட்டி வச்சிருக்காங்க. நீதான் வச்சேன்னு எழுதிக் குடுத்திருக்காங்க. மத்தியானம் போலீஸ் வருது."

மதுரைவீரன் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "நாந்தாங்க போனேன்."

"அவரு போகல."

குரல் வாசலிலிருந்து வந்தது. நாற்பது வயசு இருக்கும் ஒரு பெண். இடுப்பில் தூக்கிச் செருகிய புடவை, அதன்மேல் தொளதொளவென்று ஆண்பிள்ளைக் காக்கிச் சட்டை, தலையில் முண்டாசு. சட்டைக் கையில் பித்தளை வில்லை. நாற்பத்தொன்று.

"நான் வேலம்மா, அவரு சம்சாரம். மூணு வாரமா நாந்தான் போறேன். ஒரு நாள் ஆள் வரலைன்னா வில்லை வேற ஆளுக்குப் போயிடும். அது போச்சுன்னா எங்களுக்கு வேற என்ன இருக்கு? அந்த ஸ்டோரு, இன்னும் ரெண்டு தெரு, எல்லாம் இப்படியே போயிட்டு வரேன்."

"மூணு வாரமா ஒருத்தர்கூடவா கண்டுபிடிக்கல?" என்றார் பரக்கத் அலி.

"மொத நாள் நானும் பயந்துக்கிட்டேதாங்க போனேன். வில்லையைக் கட்டையில வச்சேன். மேனேஜர் ஐயா நம்பரை எழுதினாரு. எடுத்துக்கிட்டு வந்துட்டேன். அப்புறம் பயம் வுட்டுப்போச்சு. என்னை யாரு பாக்கப் போறாங்க?"

ரங்கநாயகி அசையாமல் நின்றாள். கணக்கில் ஒரு வரி தப்பாகப் போட்டால் கீழே எல்லாமே சரியாக வந்தும் விடை தப்பாக இருக்கும். அவள் அந்த வரியைத் தேடிப் பிடித்துவிட்டாள்.

"பாய், முறுக்கு மீசைன்னு சொன்னது யாரு?"

"மேனேஜர்."

"காலையில முகத்துக்கு முகம் பாத்தேன்னாரு."

பரக்கத் அலியின் கையிலிருந்த சாவிக்கொத்து கீழே விழுந்தது. "யா அல்லா. வேலைக்குச் சேத்த அன்னிக்குப் பாத்த முகத்தைச் சொல்லியிருக்காரு மனுசன்."

"அவரும் மத்தவங்க மாதிரிதான். சன்னல் கட்டையில நம்பரை மட்டும் பாத்திருக்காரு. இன்னிக்கு வந்தது ஆம்பளையா பொம்பளையான்னுகூட அவருக்குத் தெரியாது." அவள் வேலம்மாளிடம் திரும்பினாள். "நீ... நீங்க ஏதாவது பாத்தீங்களா? வாளியத் தட்டினப்புறம் முற்றத்தில யாராவது?"

வேலம்மாள் கணவனைப் பார்த்தாள். மதுரைவீரன் கண்ணை மூடிக்கொண்டார்.

"எல்லாரும் உள்ள போவாங்க. மேனேஜர் ஐயா மட்டும் வெளிய வருவாரு. போன வெள்ளிக்கிழமை, செவ்வாக்கிழமை, இன்னிக்கு. கடைசி வீட்டைத் தொறந்து போவாரு. நான் சாக்கடையத் தள்ளிக்கிட்டிருந்தேன், இதோ, அந்தச் சுவத்துக்கும் எனக்கும் இருக்கற தூரந்தான். ஒளியக்கூட இல்ல. நான் ஒரு ஆளா அங்க நிக்கறேன்னு அவரு நெனைச்சாத்தானே?"

அதற்குப் பிறகு ரங்கநாயகி நினைத்தது ஒன்றுதான். ரோசரியை உங்கள் பொறுப்பில் விட்டுவிட்டுப் போகிறேன் என்று தன் வாயால் சொன்னது. அவர் வையம்பட்டி என்றது. அந்த முதலாளிக்குப் புகையிலைக் கிட்டங்கி இருக்கும் ஊர் வையம்பட்டி என்று வக்கீலின் கேஸ் கட்டில் படித்திருந்தது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"பாய், வண்டி!"

வேலம்மாள் கார் கதவருகே தயங்கி நின்றாள். "ஏறுங்கம்மா, இது நடந்து வர்ற நேரமில்ல," என்று பரக்கத் அலி பின்கதவைத் திறந்தார். அவள் ஏறி, சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள். தன் உடம்பு தன்னைக் கேட்காமலே ஒரு சாண் சன்னலோரம் நகர்ந்ததை ரங்கநாயகி உணர்ந்தாள். உணர்ந்த பிறகும், திரும்பி அதே இடத்துக்கு வர அவளுக்குப் பாலத்தில் பாதித் தூரம் பிடித்தது.

ஸ்டோர் வாசலில் எல்லாம் வழக்கம்போலவே இருந்தது. குழாயடியில் நாலு பெண்கள், அரிசி புடைக்கிற இரண்டு பேர். மேனேஜர் அறை, சன்னல் உட்பட, சாத்தியிருந்தது. ரோசரியின் வீட்டில் பூட்டு. பின்சந்தில் சாம்பல் நிற வேன் ஒன்று நிற்பதாகப் பரக்கத் அலி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். டிரைவர் என்ஜினை அணைக்கவில்லையாம்.

"ரோசரி எங்க?" என்றாள் ரங்கநாயகி, அற்புதம்மாளைத் தனியே இழுத்து.

"வெளிய போகலையே. எறும்பு போனாலும்..."

"தெரியும்." உள்ளேதான் இருக்கிறாள். அந்த அறைக்குள். நாளைக்கு ரோசரியைக் காணோம் என்று போலீஸ் கேட்கும்போது, அவளை வேனில் ஏற்றியதைப் பார்த்த கண் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று அவர் காத்திருக்கிறார். கதவை உடைக்கலாம். உள்ளே மண்ணெண்ணெய்ப் பாட்டிலோடு பயந்துபோன ஒரு மனிதன் இருந்தால்? அந்தத் தலையணைப் பள்ளம் அவள் கண்முன் வந்தது.

"பாய், நீங்க போய் உங்க காரை அந்த வேனுக்கு முன்னாடி நிறுத்துங்க."

"இடிச்சா?"

"இடிக்கட்டும்."

"டீச்சர், இந்த வாரத்தில நீங்க சொன்னதில இதுதான் எனக்குப் பிடிச்சது," என்றுவிட்டு ஓடினார்.

ரங்கநாயகி வேலம்மாளிடம் சொன்னாள், "வாளியத் தட்டுங்க."

"இப்பவா? மணி பத்து."

"இப்பத்தான்."

பின்கதவருகே போய், அங்கே மூலையில் வைத்திருக்கும் தகர வாளியை எடுத்து வேலம்மாள் தட்டினாள். என்ன நேரங்கெட்ட நேரத்தில் என்று ஒரு குரல் எழுந்தது. ஆனாலும் குடங்கள் தரையில் வைக்கப்பட்டன, முறங்கள் கவிழ்ந்தன, மற்ற பதினோரு வீட்டுக் கதவுகளும் ஒன்றன்பின் ஒன்றாகச் சாத்திக்கொண்டன. குழாய் மட்டும் யாரும் மூடாமல் ஒழுகியது. ரங்கநாயகி கிணற்றடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். தன் மூச்சே தனக்குச் சத்தமாகக் கேட்டது.

மேனேஜர் அறைக் கதவு திறந்தது.

ஸ்தனிஸ்லாஸ் முதலில் வந்து முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு ரோசரியின் முழங்கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவள் நெஞ்சோடு ஒரு துணி மூட்டையை அணைத்திருந்தாள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளைபோல அவர் இழுத்த இழுப்புக்கு நடந்தாள். "சத்தம் போடாதம்மா. இந்த வீடுங்கள்லதான் யாரோ உன்னைக் கொல்லப் பாக்கறாங்க. யாருக்கும் தெரியாமப் போயிடணும்."

பின்கதவை நெருங்கினார்கள். வழியில், வாளியும் துடைப்பமுமாக வேலம்மாள் நின்றுகொண்டிருந்தாள். ஸ்தனிஸ்லாஸின் பார்வை அவள்மேல் பட்டு, தூணின்மேல் படுவதுபோலப் பட்டு, தாண்டிப் போயிற்று. ஓர் அடி தள்ளி அவளைக் கடந்தார்.

"அந்தப் பொண்ணை எங்க ஐயா கூட்டிக்கிட்டுப் போறீங்க?"

சுவர் பேசியிருந்தால்கூட அவர் அப்படித் துள்ளியிருக்க மாட்டார். கை தானாக விட்டுவிட்டது. ரங்கநாயகி ஓடிவந்து ரோசரியைத் தன்பக்கம் இழுத்தாள். சந்தில் என்ஜின் உறுமி, தடாலென்று ஒரு சத்தம் கேட்டு, பரக்கத் அலி யாரையோ சரளமாகத் திட்டுவது கேட்டது. கதவுகள் திறக்க ஆரம்பித்தன.

"சார்," என்றாள் ரங்கநாயகி, எல்லாருக்கும் கேட்கும்படி. "காலையில ரோசரி வீட்டுலேர்ந்து வந்தது யாருன்னு சொன்னீங்க?"

"ம... மதுரைவீரன்."

"மீசையோட."

"ஆமா."

"மூணு வாரமா இந்த ஸ்டோருக்கு வர்றது இவங்க. நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இவங்களுக்கு மீசை இருக்கா?"

வேலம்மாள் முண்டாசை அவிழ்த்தாள். அற்புதம்மாள், ஓரடி முன்னால் வந்து, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.

ஸ்தனிஸ்லாஸ் கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். சலவை வேட்டி சேற்றில் நனைந்தது. "என் பையன் அந்த முதலாளிகிட்ட வையம்பட்டியில வேலை பாக்கறான்," என்றார், யாரிடமென்று இல்லாமல். "ராத்திரி காவலும் அவன்தான், அந்தக் கிட்டங்கிக்குள்ளேயே படுக்கறான். 'உன் பையன் படுக்கற இடத்துக்கும் கதவு இருக்கு, அதுக்கும் பூட்டு இருக்கு'ன்னு முதலாளி சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. கொல்ல மாட்டேன்னாங்க. திங்கட்கிழமை போற வரைக்கும் அங்க வச்சிருப்போம்னாங்க. நானும் நம்பினேன். நம்பினா நல்லாயிருந்தது."

ரோசரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படுவாள் என்று ரங்கநாயகி எதிர்பார்த்தாள். ஆனால் அவள் முகத்தில் இருந்தது, கண்ணாடியில் தன்னையே எதிர்பாராமல் பார்த்துவிட்டவளின் திகைப்பு. அவரும் தன்னைப்போலவே ஒரு பூட்டை நினைத்து நினைத்துத் தூங்காதவர்தான் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தப் பையனை வெளியே கொண்டுவர வையம்பட்டிப் போலீஸுக்குத் தந்தி அடிக்கச் சொல்லி ஆள் போயிற்று. ஹெட் கான்ஸ்டபிள் வந்து, காலையில் எழுதியதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுத ஆரம்பித்தார். வேனில் வந்த இரண்டு பேரையும் செல்லக்கண்ணு தன் வீட்டுக்குள் தள்ளிப் பூட்டியிருந்தார். முன்பக்கம் நசுங்கிப்போன காரைச் சுற்றிச் சுற்றி வந்த பரக்கத் அலி, "ஒரே கடைப் பூட்டு, ஜாக்கிரதை, எந்தச் சாவி போட்டாலும் வெளிய வந்துடுவானுங்க," என்று காவலுக்கு நின்றார்.

ரோசரியின் வீட்டுக்குள் போக யாருக்கும் மனசு வரவில்லை. வாசற்படியில் மூன்று பெண்கள் உட்கார்ந்தார்கள். ரோசரி ஒரு மூலை, வேலம்மாள் கீழ்ப்படி, நடுவில் ரங்கநாயகி.

"கை நடுக்கம் நிக்கவே மாட்டேங்குது," என்றாள் ரோசரி.

"எனக்கும் போன வெள்ளிக்கிழமையிலேர்ந்து நடுங்குது. துடைப்பத்தைப் பிடிச்சிருந்தா வெளிய தெரியாது," என்றாள் வேலம்மாள்.

ரங்கநாயகி சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "நீங்க பாத்ததைத் திங்கட்கிழமை ஜட்ஜ் முன்னாடி சொல்லணும்னு வக்கீல் கேப்பாரு. சாட்சியை மிரட்டினாங்கன்னு நிரூபிக்க உங்களைத் தவிர ஆளில்ல. சொன்னா, வீட்டுக்காரர் வில்லையில நீங்க வேலை செஞ்சதும் வெளிய வரும். வில்லை போகலாம். போகாதுன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்."

குழாய் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. வேலம்மாள் எழுந்து போய் அதை மூடிவிட்டு வந்தாள். அது ஸ்டோர்க்காரர்கள் மட்டும் தொடுகிற குழாய். யாரும் தடுக்கவில்லை.

"தீயில செத்தாங்களே ரெண்டு பேரு, அவங்க பேரு என்னம்மா?"

"நஜ்முன்னிசா," என்றாள் ரோசரி. "இன்னொண்ணு லூர்துராணி. ரெண்டு பேரும் எனக்குப் பக்கத்திலதான் சாப்பிட உக்காருவாங்க."

வேலம்மாள் அந்தப் பெயர்களை ஒருமுறை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"கோர்ட்டு எத்தனை மணிக்கு?"

"பத்துக்கு."

"அப்ப ரெண்டு தெருவையும் முடிச்சு, கொள்ளிடத்தில ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துரலாம். எனக்கு எடம் தெரியாது. இந்தப் பாப்பாவோடயே வந்துடறேன்." அவள் ரோசரியை நிமிர்ந்து பார்த்தாள். "நீ வருவியில்ல?"

ரோசரியின் விரல்கள் மடியில் இருந்த மூட்டையின் முடிச்சில் வேலை செய்தன. முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து இழுத்தாள். அவிழ்ந்தது. மடித்து வைத்திருந்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, படியின்மேல், வெயில் படும் பக்கமாக அடுக்க ஆரம்பித்தாள்.